எல்லாருக்கும் முழுக்கை

அவவை எனக்கு முதல் நாளே பிடிக்கேல்லை. என்ர லினன் ரூமுக்குள்ள ஏறி வந்தவ, ஒரு குட் மோர்னிங் கூட இல்லை. "கிழிஞ்சு வந்த உடுப்பெல்லாம் எங்க வச்சிருக்கீங்க?" எண்டுதான் முதல் கேள்வி.

கொழும்பிலை கடலைப் பாத்த பெரிய ஹோட்டல் ஒண்டு. பேர் வேண்டாம். அங்கை வேலையாக்கள் போடுற யூனிபோம் முழுக்க அப்ப என்ர பொறுப்பு. காலைமை கவுண்டரிலை வந்து எடுப்பினம், வேலை முடிய அழுக்காவோ கிழிசலாவோ திருப்பித் தருவினம். வாசலைத் தாண்டி ஒரு பட்டன் கூட வெளியிலை போகாது. அப்பிடி இறுக்கமா நடத்தின இடத்துக்கு, புது யூனிபோம் வரைய எண்டு மேலிடம் ஒரு கொட்டாஞ்சேனைக்காறியை அனுப்புது. அவ ஒரு பென்சில் கூட இல்லாமல் வந்து கிழிசலைக் கேக்கிறா. ஆருக்கெண்டாலும் எரிச்சல் வருமா வராதா?

மூண்டு நாள் அந்தக் குவியலுக்கு நடுவிலை ஸ்டூல் போட்டு இருந்தா. கட்டையான மனிசி. தடிச்ச கண்ணாடி, பருத்திக் கவுன், கழுத்திலை அளவு ரேப். மத்தியானம் ரெண்டு துண்டுப் பாணும் ஒரு வாழைப்பழமும். இது ஆரோட சேட்டு, ஏன் கமக்கட்டிலை மட்டும் கிழிஞ்சிருக்கு, அவர் என்ன தூக்கிறவர் எண்டு ஒவ்வொண்டாக் கேட்டுக்கொண்டே இருந்தா. ரெண்டாம் நாள் ஒரு பெண்பிள்ளையின்ர சட்டையைத் தூக்கிக் காட்டி, "இந்தக் கொலர்ல என்ன, ஊசி குத்தின ஓட்டை இவ்வளவு?" எண்டா.

அது மல்லிகாவின்ர சட்டை. ஹட்டன் பக்கத்துப் பிள்ளை, அறை துப்பரவாக்கிற வேலை. தங்கம் ஒண்டும் வெளியிலை தெரியக்கூடாது எண்டு ஹோட்டலின்ர சட்டம். தாலியைக் கழட்ட மனமில்லாமல் அவ கொலரை ஊசியாலை குத்தி மூடிக்கொண்டு திரிஞ்சவ. எனக்கு அது தெரியும். சட்டையைப் பழுதாக்கிறாய் எண்டு ரெண்டு தரம் ஏசியும் இருக்கிறன். இவவுக்குச் சொன்னன். கேட்டுப்போட்டு அந்தக் கொலரை ரேப்பாலை அளந்து பாத்தா.

மாதிரி உடுப்பு காட்டுற நாள் வந்தது. மேலிடம் எல்லாம் வரிசையா இருக்குது. கழுத்து மூடின சட்டை, பெண்கள் அத்தினை பேருக்கும். வரவேற்பு மேசையிலை நிக்கிற இங்கிலிஷ் பிள்ளையளில இருந்து குளியலறை கழுவுற பிள்ளை மட்டும் ஒரே கழுத்து. ஏன் மூடின கழுத்து எண்டு பெரிய மனேஜர் கேட்டார். அவ கண்ணாடியைத் துடைச்சுக்கொண்டு, "இது சத்தம் போடுற ஹோட்டல் இல்ல சேர். அடக்கமான ஹோட்டல். உடுப்பும் அப்பிடித்தானே இருக்கணும்" எண்டா. மனுசன் குளிர்ந்து போனார். அதுக்குப் பிறகு வாற போறவைக்கெல்லாம், எங்கட கழுத்தைப் பாருங்கோ, எங்கட அடக்கத்தைப் பாருங்கோ எண்டு அவர்தான் விளக்கம் குடுத்துக்கொண்டு திரிஞ்சவர். தாலியைப் பற்றி அவருக்கு இண்டைக்கும் தெரியாது.

நான் விடுவனே? பிறகு தனியாக் கேட்டன். "மல்லிகாவுக்கு மட்டும் கொலரை உயத்திக் குடுத்திருக்கலாம். ஒருத்திக்காக இத்தினை பேற்றை கழுத்தையும் ஏன் மூடினனீங்கள்?"

"ஒருத்திக்கு மட்டும் தச்சா அது அடையாளம். எல்லாருக்கும் தச்சாத்தான் உடுப்பு."

கண்டறியாத கதை எண்டு நினைச்சுக்கொண்டு என்ர வேலையைப் பாக்கப் போட்டன்.

அவவின்ர ஒரு பழக்கத்தைச் சொல்லவேணும். அளவெடுக்கேக்கை உதட்டுக்கிடையிலை அஞ்சாறு குண்டூசியை வச்சிருப்பா. வாய் திறக்க ஏலாது. "ம்" எண்டு மட்டும் சொல்லுவா. முன்னாலை நிக்கிற ஆளுக்கோ சும்மா நிக்க ஏலாது. கையை உயத்து, திரும்பு, மூச்சை விடு எண்டு சைகை காட்டக் காட்ட, அவை தங்கட பாட்டிலை கதைக்கத் தொடங்குவினம். முழங்கால் நோ, புருசன் குடி, பெரியவர் திட்டினது எல்லாம் வரும். பதில் சொல்லாத ஆளுக்குத்தானே மனுசர் எல்லாத்தையும் சொல்லுறது. எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொன்னதில்லை. நான் கேட்டு முடிக்க முதலே புத்தி சொல்லத் தொடங்கிடுவன்.

கடைசித் தரம் அளவு எழுதின தாள் என்னட்டை வந்தது. மல்லிகாவின்ர இடுப்பு முதல் எழுதினதிலை இருந்து மூண்டு இஞ்சு கூட. பிழை பிடிச்சுப் போட்டன் எண்ட சந்தோசத்திலை தாளைக் கொண்டு ஓடினன். "இதைப் பாருங்கோ, பிழையா எழுதிப் போட்டியள்."

அவ தாளை வாங்கி மடிச்சா. "சரியாத்தான் எழுதினேன். இன்னும் கூடும்."

அப்பதான் விளங்கினது. மல்லிகா அப்ப தற்காலிகம். நிரந்தரமாக்கிற கடிதம் வர இன்னும் ரெண்டு மாசம். வயிறு தெரிஞ்சால் அந்தக் கடிதம் வராது, சாட்டு ஏதாவது சொல்லி அனுப்பிப் போடுவினம். அடுத்த கிழமை வந்த சட்டையள் எல்லாத்திலையும் நெஞ்சுக்குக் கீழை நாலு மடிப்பு விழுந்திருந்தது. எல்லாருக்கும். மெலிஞ்ச பிள்ளை, தடிச்ச பிள்ளை, ஓய்வு எடுக்கப் போற மனிசி, எல்லாருக்கும். மனேஜருக்கு அவ சொன்ன விளக்கம், "கடல் அலை சேர்." அவர் கையைத் தட்டினார். வெள்ளைக்காறச் சனம் அந்த மடிப்பைப் படம் எடுத்துக்கொண்டு போகும். மல்லிகா அந்த அலைக்குள்ளை ஏழாம் மாசம் வரைக்கும் வேலை செய்து, கடிதமும் வாங்கி, பிள்ளையும் பெத்தா.

அண்டைக்குத்தான் எனக்கு அவவிலை ஒரு மரியாதை வந்தது. வாய் விட்டுச் சொல்லேல்லை. பிளேன்ரீ ஒண்டு ஊத்திக் கொண்டு போய் வச்சன், ஆறவிட்டுத்தான் குடிச்சா. அவ எல்லாத் தேத்தண்ணியையும் ஆறவிட்டுத்தான் குடிப்பா.

இனித் தவராசாவின்ர கதை. இதைத்தான் சொல்ல வந்தனான், சுத்தி வளைச்சுக்கொண்டிருக்கிறன்.

தவராசா ரெஸ்டோரண்டிலை பரிமாறுறவர். முப்பத்தஞ்சு வயசிருக்கும். கிருலப்பனையிலை வாடகை வீடு, ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். வன்னியாள். ஒருநாள் கை கழுவேக்கை சேட்டு நனைஞ்சு, கவுண்டரிலை மாத்த வந்தவர். வலது கை முழங்கையிலை இருந்து மணிக்கட்டு மட்டும் மெழுகு உருகி உறைஞ்ச மாதிரிக் கிடந்தது. கடைசிச் சண்டைக் காலத்திலை பட்டது எண்டார். அதுக்கு மேலை நான் கேக்கேல்லை. அந்தக் கையை ஹோட்டலுக்கு வாற சனம் கண்டால் முகம் சுளிக்கும். செக்கியூரிட்டி கண்டால் கேள்வி கேக்கும். எங்கை பட்டது, எப்ப பட்டது, அப்ப நீ ஆரோட நிண்டனீ எண்டு. ரெண்டுக்கும் தப்பி அந்த மனுசன் நிமிந்து நிண்டு வேலை செய்தது ஒரு முழுக்கைச் சேட்டுக்குள்ளைதான். அளவெடுக்கேக்கை அவ அந்தக் கையைக் கண்டிருக்கவேணும், ரெஸ்டோரண்ட் ஆம்பிளையள் எல்லாருக்கும் முழுக்கை தச்சிருந்தா, மணிக்கட்டிலை ரெண்டு பட்டன். ஏன் ரெண்டு பட்டன் எண்டு நான் கேக்கேல்லை. ஒரு பட்டன் தெறிச்சாலும் மற்றது பிடிக்கும்.

ரெண்டு வரியம் கழிச்சுப் புது மனேஜர் வந்தார். அவருக்கு அடக்கம் பிடிக்காது. தீவு மாதிரி இருக்கவேணும், காத்து வெளிச்சம் தெரியவேணும், ஆம்பிளையளுக்கெல்லாம் அரைக்கை, பூப்போட்ட துணி எண்டார். அவவைத் திருப்பிக் கூப்பிட்டிச்சினம். கூட்டத்துக்கு நானும் போனனான், பழைய சேட்டுகளைத் தூக்கிக்கொண்டு.

"அரைக்கை இந்த ஹோட்டலுக்கு ஒத்துவராது சேர்."

"ஏன் ஒத்துவராது?"

அவவாலை உண்மையைச் சொல்ல ஏலாது. சொன்னால் தவராசாவைக் காட்டிக் குடுக்கிற மாதிரி. துணி, தையல், கடல் காத்து, சாப்பாட்டு மேசைக்கு மேலாலை ரோமக்கை நீளுறது வடிவில்லை எண்டு என்னென்னவோ சொன்னா. மனுசன் சிரிச்சுக்கொண்டிருந்தார். கடைசியிலை, "ரெண்டு கிழமை தாங்க சேர். லேசான முழுக்கை ஒண்டு தச்சுக் காட்டுறேன். பாத்திட்டுச் சொல்லுங்க" எண்டா. அதுக்கு அவர் ஓம் பட்டார்.

படியிறங்கி வரேக்கை என்ர கையைப் பிடிச்சா. அவ ஆற்றையும் கையைப் பிடிக்கிற ஆளில்லை. "ரெண்டு கிழமைக்கு ஒருத்தர்கிட்டயும் ஒண்டும் கதைக்காதீங்க. நான் தச்சுக் காட்டி ஒத்துக்கொள்ள வைப்பேன்."

ஓம் எண்டன். ஆனா என்ர வாய் இருக்கே, அது சும்மா கிடக்கிற சாதியில்லை. ஒரு கிழமை பொறுத்தன். தவராசா ஒவ்வொரு நாளும் கவுண்டருக்கு வந்து, "என்ன அக்கா, ஏதும் முடிவாச்சோ?" எண்டு கேக்க எனக்கு நெஞ்சு பொறுக்கேல்லை. இவ என்ன, ஒரு சேட்டைத் தச்சு மனேஜரை மயக்கப் போறாவோ, இப்பிடியே விட்டால் இந்த மனுசன் கோப்பை கழுவத்தான் போகவேணும் எண்டு யோசிச்சன். நேரை ஆளணிப் பகுதி மிஸ்ஸிட்டைப் போனன். நல்ல மனிசி, பொய் சொல்லக்கூடாது. நான் சொல்லச் சொல்லக் கண் கலங்கினவ. "ஐயோ, முதலே சொல்லியிருக்கலாமே" எண்டு அந்த இடத்திலையே கடிதம் அடிச்சா. கையிலை தழும்பு இருக்கிற காரணத்தாலை இந்த ஊழியருக்கு மட்டும் முழுக்கை போட அனுமதி.

பறந்து வந்து அவவுக்குச் சொன்னன். தையல் மிசினுக்கு முன்னாலை, அந்த லேசான முழுக்கையைத்தான் வெட்டிக்கொண்டிருந்தா. "இனி நீங்கள் கஷ்டப்படத் தேவையில்லை. வேலை முடிஞ்சுது" எண்டன்.

உதட்டிலை இருந்த ஊசியளை ஒவ்வொண்டா எடுத்துப் பஞ்சிலை குத்தினா.

"சின்ன வயசில எனக்குச் சப்பாத்து இல்ல," எண்டா. "சிஸ்டர்மார் பாவம் பாத்து ஒரு சோடி வாங்கித் தந்தாங்க. எனக்கு மட்டும். வகுப்புக்குள்ள வச்சே போட்டு விட்டாங்க. அவங்க நல்லவங்கதான். அந்த வருசம் முழுக்க எல்லாரும் என்ட காலைத்தான் பாத்தாங்க."

அவ்வளவுதான். ஏசினால் திருப்பி ஏசியிருப்பன். ஏசேல்லை.

ஒருத்தருக்கு அனுமதி இருக்கெண்டால் மற்றவைக்கு அரைக்கை போடத் தடை என்ன? அடுத்த நாளே மனேஜர் அரைக்கையை முடிவாக்கிப் போட்டார். ரெண்டு கிழமைத் தவணையும் போச்சு, லேசான முழுக்கையும் போச்சு. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி நான்தான்.

பூப்போட்ட அரைக்கைக்காறர் பதினைஞ்சு பேருக்கு நடுவிலை தவராசா ஒராள் முழுக்கை. மேசைக்கு மேசை கேள்வி. உனக்கு மட்டும் குளிருதோ எண்டு கெஸ்ட் சிரிப்பாய்க் கேக்கும். கூட வேலை செய்யிறவை "பெரியவர்" எண்டு பட்டம் வச்சிச்சினம். கடிதத்தின்ர பிரதி செக்கியூரிட்டிப் பொறுப்பாளருக்கும் போயிருக்கு. அவர் முந்தி ஆமியிலை இருந்தவர். தவராசாவைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி, சிங்களத்திலை, "மல்லி, மே அத்தட்ட மொகத வுணே?" எண்டு கேட்டாராம். தம்பி, இந்தக் கைக்கு என்ன நடந்தது. சேட்டுக் கையை மேலை மடிச்சுக் காட்டச் சொன்னாராம். அடுத்த கிழமை இன்னொருக்கா. இந்த முறை எழுதி எடுத்தாராம்.

மூண்டாம் தரம் கூப்பிட முதல் தவராசா என்ர கவுண்டருக்கு வந்தார். மூண்டு சேட்டும் தோய்ச்சு, மினுக்கி, மணிக்கட்டுப் பட்டன் எல்லாம் பூட்டி, மடிச்சு வச்சிருந்தது.

"என்ன தவராசா இது?"

"போறன் அக்கா."

"எங்கை போறாய்? பிள்ளையள் ரெண்டையும் வச்சுக்கொண்டு..."

"நீங்கள் நல்லதுக்குத்தான் செய்தனீங்கள், அக்கா," எண்டார். "எனக்கு ஒரு கோவமும் இல்லை."

கோவம் எண்டால் தாங்கியிருப்பன். அண்டைக்கு வெள்ளவத்தை வீட்டுக்குப் பஸ்ஸிலை வரேக்கை சனத்துக்கு முன்னாலை அழுதனான்.

அவ எடுத்த வேலையை முடிச்சுக் குடுத்திட்டுப் போனா. அதுக்குப் பிறகு அந்த ஹோட்டலுக்கு வரேல்லை. நானும் வயசு வந்து ஓய்வெடுத்தன். டிசம்பரிலை நத்தாருக்கு ஒரு போன் நான் எடுப்பன், வருசப்பிறப்புக்கு அவ எடுப்பா. சுகமோ, சாப்பிட்டாச்சோ. தவராசா எண்ட பேரை ரெண்டு பேரும் எடுக்கிறதில்லை. இந்த வரியம் சித்திரையிலை போன் வரேல்லை. நான் எடுக்க, வேறை ஆரோ எடுத்துச் சொல்லிச்சினம், அடக்கம் முடிஞ்சு ரெண்டு கிழமை எண்டு.

முப்பதாம் நாள் பூசைக்குக் கொட்டாஞ்சேனைக்குப் போனன். பூசை முடிஞ்சு வெளியிலை வர மண்டையைப் பிளக்கிற வெயில். கோயிலுக்குக் கிட்ட ஒரு சாப்பாட்டுக் கடை. தேத்தண்ணி ஒண்டு குடிப்பம் எண்டு ஏறினன். நாலு மேசை, ரெண்டு காத்தாடி, அதிலை ஒண்டு சுத்தேல்லை.

இருந்த பிறகுதான் பாத்தன். வாசலிலை கொத்து ரொட்டி அடிக்கிற மனுசன், முன்னாலை தகிக்கிற கல்லு, மணிக்கட்டு மட்டும் சாம்பல் நிற முழுக்கைச் சேட்டு. வடை சுடுறவருக்கும் முழுக்கை. மேசை துடைக்கிறவருக்கும் முழுக்கை. காசு மேசையிலை விசிறியாலை விசுக்கிக்கொண்டிருந்த முதலாளிக்கும் அதே சாம்பல் நிறம், அதே முழுக்கை. மணிக்கட்டிலை ரெண்டு பட்டன். அந்த ரெண்டு பட்டனை எனக்குத் தெரியும்.

"அக்கா, சீனி போடவோ?"

தலைமயிர் கொஞ்சம் நரைச்சிருந்தது. மற்றும்படி அதே தவராசா. அவரே சொன்னார். ஹோட்டலை விட்டு மூண்டாம் மாசம் தையல் மிஸ் கிருலப்பனை வீட்டைத் தேடிப்பிடிச்சு வந்தவவாம். இந்த முதலாளியிட்டைக் கூட்டிக்கொண்டு வந்து விட்டதும் அவதானாம். சேட்டு அவவே தச்சுக் குடுத்தவவாம், வரியா வரியம், எல்லாருக்கும். பெரிய பிள்ளை இப்ப ஏ.எல். படிக்குதாம்.

முதலாளி எங்கடை கதை காதிலை விழுந்து எழும்பி வந்தார். "மிஸ்ஸத் தெரியுமாங்க ஒங்களுக்கு? தங்கமான மனுசி. ஆனா பிடிவாதம்னா பிடிவாதம். அஞ்சு பேருக்கும் முழுக்கை, எனக்கும் சேத்து, இல்லாட்டித் தைக்க மாட்டேன்னுட்டாங்க. இந்த வெக்கையில! ஏம்மான்னு கேட்டா கடைக்கு ஒரு லட்சணம் வேணுமாம்." சேட்டின்ர முழங்கையைத் தூக்கிக் காட்டினார், நைஞ்சு நூல் தெரிஞ்சுது. "இனி அவங்களும் இல்ல. அடுத்த மொற அரைக்கையா எடுத்துரலாம்னு இருக்கேன். தவாவுக்கு மட்டும் முழுக்கையே இருக்கட்டும். அவனுக்குத்தான் பழகிப் போச்சே."

பக்கத்து மேசையைத் துடைச்சுக்கொண்டிருந்த தவராசாவின்ர கை நிண்டுது. அவர் திரும்பிப் பாக்கேல்லை.

உண்மை நாக்கு நுனி மட்டும் வந்தது. முதலாளி நல்ல மனுசன், முகத்திலை தெரியுது. ஒரு வசனம் சொன்னால் போதும், கண் கலங்கி, ஐயோ முதலே சொல்லியிருக்கலாமே எண்டுவார். அப்பிடிச் சொன்ன இன்னொரு நல்ல மனிசியையும் நான் கண்டிருக்கிறன். தேத்தண்ணியை எடுத்து வாயிலை வச்சன். கொதிக்கக் கொதிக்கக் குடிச்சன்.

"அரைக்கை வேண்டாம் முதலாளி."

"ஏங்க?"

"நான் பெரிய ஹோட்டலிலை இத்தினை வரியம் யூனிபோம் பாத்த ஆள். அரைக்கைக் கடை கொட்டாஞ்சேனையிலை தெருத் தெருவாக் கிடக்கு. வாசலிலை நிண்டு பாத்தால் உங்கடை கடை மட்டும்தான் ஒரு எடுப்பா இருக்கு. அதைக் கெடுக்காதேங்கோ."

"அப்புடியா சொல்றீங்க?" வாசல் மட்டும் போய் நிண்டு, கடையை ஒருக்காத் திரும்பிப் பாத்தார். "தைக்க ஆள் வேணுமே."

"மெல்லிசுத் துணி நான் எடுத்துத் தாறன், வேர்க்காது. தையல்காரர் எனக்குப் பழக்கம்."

"அப்பச் சரி. தவா, இங்க வா, மொதல்ல ஒன்னோட அளவக் குடு."

"இல்லை," எண்டன். ஓய்வெடுத்து இத்தினை காலமாகியும் என்ர கைப்பைக்குள்ளை குடையோட சேந்து அளவு ரேப் ஒண்டு கிடக்கும். எடுத்து உதறினன். "கடைசியாத்தான் அவர். முதல் நீங்கள். கையை நீட்டுங்கோ, முதலாளி."

மனுசன் சிரிச்சுக்கொண்டு கையை நீட்டினார். தோளிலை இருந்து மணிக்கட்டு மட்டும் அளந்தன்.